மீன் குஞ்சு ஏத்துறதுக்கு முன்னாடி நாள் பட்டினி போடுங்க

போன வருஷம் முதல் தடவையா ரோகு, கட்லா குஞ்சு எடுக்க பவானிசாகர் பக்கம் போனேன். குட்டியானைல 500 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், தண்ணிக்குள்ள காத்து அடிக்க பேட்டரில ஓடுற ஏரேட்டர், மூணு இஞ்சு குஞ்சு 2000, இவ்ளோதான் நம்ம ஏற்பாடு. பண்ணைல காலைல தீவனம் போட்டு வயிறு முட்ட தின்ன குஞ்சை அப்படியே வலைல அள்ளி உச்சி வெயில்ல ஏத்திட்டு கிளம்பியாச்சு, தாராபுரம் தாண்டி மூடிய திறந்து பாத்தா தண்ணி மேல சோப்பு நுரை மாதிரி நுரை, குஞ்செல்லாம் வாய மேல தூக்கிட்டு நிக்குது.

நான் பண்ண பெரிய தப்பு அதுக்கு அப்புறம்தான். குளத்துக்கு வந்ததும் பாவம்னு கிணத்து தண்ணிய டேங்குக்குள்ள மோட்டார் போட்டு அடிச்சேன். கொஞ்ச நேரத்துல பாதி மல்லாந்துடுச்சு. காரணம் அப்புறம்தான் புரிஞ்சுது. மீன் விடுற கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து டேங்க் தண்ணி அமிலமா மாறியிருக்கும், அதுல கழிவு அம்மோனியா பெரும்பாலும் தீங்கு கம்மியான அம்மோனியமாத்தான் கிடக்கும், புது தண்ணி விழுந்து பி.எச் ஏறி அமிலத்தன்மை குறைஞ்சதும் அதுவே விஷமா திரும்பிடுது. காத்து பத்தலன்னு நினைச்சுட்டு இருந்தேன், கொன்னது அதோட கழிவும் என் அவசரமும்தான்.

ரெண்டாவது லோடுக்கு பண்ணைக்காரர்கிட்ட கெஞ்சி ஒரு நாள் முன்னாடியே குஞ்ச பிடிச்சு ஹாப்பாவுல, அதான் தண்ணிக்குள்ள கட்டுற பெட்டி மாதிரி வலைல, தீவனம் இல்லாம போட்டு வைக்க சொன்னேன், வயிறு காலியா இருந்தா வழியில கழியாது. லிட்டருக்கு 3 கிராம் கணக்குல ஒண்ணரை கிலோ கல் உப்பு. ஏரேட்டர் போதாதுன்னு ஆக்சிஜன் சிலிண்டர் வாடகைக்கு எடுத்து டேங்க் அடியில குமிழி விடுற ஏர் ஸ்டோன் கல்லு போட்டு விட்டோம். தண்ணி விளிம்பு வரைக்கும் நிரப்பணும், பாதி டேங்கா இருந்தா ஸ்பீடு பிரேக்கர்ல தண்ணி அலம்பி குஞ்சு சுவர்ல மோதி செதில் போயிடும். ஆனா மூடிய காத்து புகாம இறுக்கிடாதீங்க, கெட்ட காத்து வெளிய போகணும்ல.

ராத்திரி பத்து மணிக்கு கிளம்பினோம். சூடு ஏற ஏற தண்ணில ஆக்சிஜன் கரையிறது குறையும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் நிக்கும், 30 டிகிரில ஏழரைதான். டிரைவர் தம்பிதான் டீக்கு நிக்காம முறைச்சுக்கிட்டே வந்தான்.

விடியுறதுக்குள்ள குளம். இந்த தடவை மோட்டார் இல்ல, சொம்புதான். குளத்து தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி அரை மணி நேரம் சூடு பழக்கிட்டு, குஞ்ச மட்டும் வலைல அள்ளி விட்டேன், டேங்க் தண்ணி தென்னைக்கு போயிடுச்சு. மறுநாள் கரையோரம் மிதந்தது எண்ணி 11.