'வேர்ஃபோர்' என்றால் 'எங்கே' இல்லை: ஆங்கில இலக்கியத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

ஆங்கில இலக்கியம் எடுத்து நெட், டிஆர்பி என்று ஆசிரியர் பணிக்கான தேர்வுகளுக்குத் தயாராகிறவர்கள் கோட்பாடுகளுக்கும் காலவரிசைக்கும் நாள்கணக்கில் நேரம் ஒதுக்குகிறோம். பழைய சொற்களை மட்டும், வாசிக்க வாசிக்கப் புரிந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். எல்லாச் சொல்லும் அப்படிப் பிடிபடாது. வேர்ஃபோர் (wherefore) அப்படிப்பட்ட சொல். அதை ஒழுங்காகப் படித்துவிட்டால் அதன் சொந்தக்காரர்கள் எல்லோரும் பின்னாலேயே வந்துவிடுவார்கள் என்பதுதான் என் அனுபவம்.

ரோமியோ ஜூலியட் நாடகத்தின் இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சிக்குப் போங்கள். 'வேர்ஃபோர் ஆர்ட் தவ் ரோமியோ?' என்கிறாள் ஜூலியட். ஆர்ட் தவ் (art thou) என்பது இன்றைய ஆர் யூ. இதை 'ரோமியோ, நீ எங்கே இருக்கிறாய்?' என்று எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். முன்னால் 'வேர்' (where) இருப்பதால் வருகிற குழப்பம் அது. அவள் கேட்பது, 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்?' என்று. பகைக் குடும்பத்தில் பிறந்து, அந்தப் பெயரை ஏன் சுமக்கிறாய் என்ற ஆற்றாமை அது. சந்தேகம் இருந்தால் அடுத்த வரியைப் பாருங்கள்: உன் தந்தையை மறு, உன் பெயரைத் துற என்கிறாள். கொஞ்சம் தள்ளித்தான் 'பெயரில் என்ன இருக்கிறது?' வருகிறது. 'எங்கே' என்று படித்தால் இந்தப் பேச்சு முழுவதும் தொடர்பில்லாமல் போய்விடும். இன்னொன்று, அந்த வரியின் கடைசியில் வரும் ரோமியோ விளி இல்லை. அதனால் மேற்கோள் எழுதும்போது தவ் என்பதற்குப் பின்னால் காற்புள்ளி போடாதீர்கள். போட்டால் பொருளே மாறிவிடும்.

இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, நம்மிடம் தமிழ் இருக்கிறது. இந்த வகைக் கூட்டுச் சொற்களில் வேர் என்பது இடத்தைக் குறிக்காது, 'எது' என்பதைக் குறிக்கும். ஃபோர் என்பது 'க்காக'. இரண்டும் சேர்ந்தால் எதற்காக. வேர் இருக்கும் இடத்தில் தேர் வந்தால் தேர்ஃபோர், அதற்காக, அதாவது ஆகவே. நம் எ, அ, இ வரிசைதான் அங்கே வேர், தேர், ஹியர். வேர்பை, தேர்பை, ஹியர்பை மூன்றும் எதனால், அதனால், இதனால். 'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்' என்று நம் அறிவிப்புகள் தொடங்குமே, அந்த இதனால் அப்படியே ஹியர்பைதான். வேர்இன், தேர்இன், ஹியர்இன் என்பவற்றை எதில், அதில், இதில் என்று நீங்களே பிரித்துவிடலாம்.

சரி, வேர்ஃபோர் எப்போதும் கேள்விதானா? இல்லை. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே இரண்டு பொருளும் உண்டு. மத்தேயு 26:50-இல் இயேசு யூதாஸிடம் 'வேர்ஃபோர் ஆர்ட் தவ் கம்?' என்கிறார், எதற்காக வந்தாய் என்று கேள்வி. அதே மத்தேயு 7:20-இல், கனிகளைக் கொண்டு அவர்களை அறிவீர்கள் என்ற வாக்கியம் வேர்ஃபோரில் தொடங்குகிறது. அங்கே அது 'ஆகையால்'. முன்னால் சொன்னதிலிருந்து முடிவுக்கு வருகிற இடம். பிரித்தறிய நான் வினைச்சொல்லைத்தான் பார்ப்பேன். ஆர்ட் தவ் என்று வினை முந்தி, எழுவாய் பிந்தினால் பெரும்பாலும் கேள்வி. வழக்கமான வரிசையில் வந்தால் 'ஆகையால்'.

1798-இல் வெளியான, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் 'பழைய மாலுமி' கவிதையில் முதல் பத்தியிலேயே இது வருகிறது. கல்யாணத்துக்குப் போகிறவனை மாலுமி வழிமறிக்க, என்னை ஏன் நிறுத்துகிறாய் என்று அவன் கேட்பது வேர்ஃபோர் போட்டுத்தான். கோல்ரிட்ஜ் வேண்டுமென்றே பழமையைக் கூட்டி எழுதினார், பழைய கதைப்பாடலின் வாசனைக்காக. ஷெல்லி 1819-இல் இங்கிலாந்து உழைப்பாளிகளுக்கு எழுதிய பாட்டில் அது வேறு வேலை செய்கிறது. உங்களைத் தாழ்த்தி வைத்திருக்கும் பிரபுக்களுக்காக ஏன் உழுகிறீர்கள், ஏன் நெய்கிறீர்கள் என்று வேர்ஃபோர், வேர்ஃபோர் என்று அடுக்குகிறார். ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'வை' (why) என்ற ஓரசைச் சொல்லில் அந்தக் கனம் வராது.

நாம் எழுதும்போது? கட்டுரை விடையில் வேர்ஃபோர் வேண்டாம். தேர்ஃபோர், ஹென்ஸ் இரண்டும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன, அவை போதும். நீதிமன்ற மனுக்களின் கடைசியில் 'வேர்ஃபோர் இட் இஸ் ப்ரேயட்' என்று இன்றும் எழுதுகிறார்கள். அது சட்டத்துறையின் வழக்கு. அன்றாட ஆங்கிலத்தில் மிச்சமிருப்பது 'வைஸ் அண்ட் வேர்ஃபோர்ஸ்' என்ற தொடர், ஏன் எதற்கு என்ற காரணங்கள் எல்லாம் என்ற பொருளில். அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பழங்காலத்தில் நடக்கும் கதை எழுதுகிறீர்கள் என்றால் பாத்திரத்தின் வாயில் வேர்ஃபோர் வைக்கலாம். ஆனால் கூடவே தவ் என்ற எழுவாய், ஆர்ட், ஹாஸ்ட் (இன்றைய ஹேவ்) என்ற வினைமுற்று என்று மற்றவையும் அந்தக் காலத்துக்குப் பொருந்த வேண்டும்.