பாஸான பாடத்தை விட்ட கதை

சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர் இரண்டு பேர் சந்தித்தால், பிள்ளை உயர்நிலை மூன்றுக்கு வந்துவிட்டது என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, "ஏ மேத்ஸ் எடுத்திருக்கா?" என்பதுதான். ஈ மேத்ஸ் என்கிற அடிப்படைக் கணிதம் எல்லாருக்கும் உண்டு. ஏ மேத்ஸ் என்கிற கூடுதல் கணிதம் அதற்கு மேல் தனிப் பாடம்: மடக்கை, முக்கோணவியல், வகையீடு, தொகையீடு. உயர்நிலை நான்கின் முடிவில் எழுதும் ஓ லெவல் பொதுத் தேர்வில் இதற்கு இரண்டு தாள், ஒவ்வொன்றும் இரண்டேகால் மணி நேரம். என் மகள் 2025 இறுதியில் அதை விட்டாள். பாஸ் ஆகியிருந்தும் விட்டாள். அது ஏன் என்று ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

அவளுக்கு எட்டுப் பாடம். ஆங்கிலம், தமிழ், இரண்டு கணிதம், வேதியியல், உயிரியல், ஹியூமேனிடிஸ் என்கிற சமூகப் பாடம், ஆங்கில இலக்கியம். பதற்றம் மதிப்பெண்ணில் தெரிவதற்கு முன்பே உடம்பில் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்று வலி. எழுதிய விடையை அழித்து அழித்துத் தாளே கிழிந்துபோகும். டீச்சரிடம் கேளேன் என்றால் அழுகை. பாலிகிளினிக்கில் காட்டினோம். வயிற்றில் கோளாறு ஒன்றும் இல்லை, பள்ளி ஆலோசகரைப் பாருங்கள் என்று மருத்துவர்தான் சொன்னார்.

ஆலோசகர் முதலில் கேட்டது, பயம் எல்லாப் பாடத்திலும் இருக்கிறதா, இந்த ஒன்றில்தானா என்று. எல்லாவற்றிலும் இருந்தால் ஒரு பாடத்தை விடுவதில் பெரிய பயன் இல்லை, பயம் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடும் என்றார். வீட்டில் எந்தப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று மகளையே குறித்துவரச் சொன்னார். இவ்வளவு சாதாரண யோசனைக்கா வேலைக்கு லீவு போட்டு வந்தோம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தக் குறிப்புதான் கடைசி வரை கைகொடுத்தது. படிக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் ஏ மேத்ஸுக்கே போயிருந்தது. வேதியியலுக்கு மிச்சம் மீதி. தமிழ்ப் புத்தகத்தைத் திறந்ததாகவே குறிப்பில் இல்லை. (வீட்டில் பேசுகிறோமே, போதும் என்று அவளாக முடிவு கட்டியிருக்கிறாள்.)

ஏ மேத்ஸ் ஆசிரியர் உடனே சம்மதிக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் தடுமாறி நான்காம் ஆண்டில் பிடித்துக்கொள்கிற பிள்ளைகள் நிறைய, ஆண்டு இறுதித் தேர்வு வரை பொறுங்கள் என்றார். அது நியாயம்தான். அரையாண்டுத் தேர்வுகளை 2023க்குள் எல்லா நிலைகளிலும் எடுத்துவிட்டார்கள். இடையில் வரும் சிறு மதிப்பீடுகளை மட்டும் வைத்துப் பள்ளி முடிவெடுக்கத் தயங்குகிறது. சரி, காத்திருக்கிறோம் என்றோம். சனிக்கிழமை டியூஷனை மட்டும் அந்த வாரமே நிறுத்திவிட்டோம். அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை, முதல் நிம்மதியும் அதில்தான் வந்தது.

பெரிய வழக்கு வீட்டில்தான். என் கணவர் திருச்சியில் இன்ஜினியரிங் படித்து இங்கே வேலைக்கு வந்தவர். ஊரில் ப்ளஸ் டூவில் கணக்கு இல்லாவிட்டால் பொறியியல் கலந்தாய்வை நினைத்தும் பார்க்க முடியாது என்பது அவர் ரத்தத்தில் ஊறியது. இங்கே வேறு மாதிரி என்று வாயால் சொல்லிப் பயனில்லை, எழுதிக் காட்டினேன். அவள் ஆண்டில் தொடக்கக் கல்லூரிக்கு (நம் ஊர் ப்ளஸ் டூ மாதிரி) எல்1ஆர்5 கணக்கு: ஆங்கிலமும் வேறு ஐந்து பாடங்களும், மொத்தப் புள்ளி 20க்கு மேல் போகக்கூடாது. ஏ1 வாங்கினால் ஒரு புள்ளி, சி6 வாங்கினால் ஆறு, புள்ளி குறைவாக இருந்தால்தான் நல்லது. கணிதம் தேவை, ஆனால் ஈ மேத்ஸே போதும். ஏழு பாடத்தில் எல்லாம் நிறைந்து ஒன்று உபரியாகவே இருக்கிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு ஐந்து பாடம்தான் எண்ணுவார்கள். அங்கே பொறியியல் பட்டயப் படிப்புகளுக்கும் ஈ மேத்ஸை ஏற்கிறார்கள்.

இழப்பு இல்லாமல் இல்லை. தொடக்கக் கல்லூரியில் ஹெச்2 என்கிற முழுநிலைக் கணிதப் பாடத்திட்டம், ஏ மேத்ஸ் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது. அந்த வழியில் பொறியியலோ கணினியோ படிக்க நினைக்கிற பிள்ளையாக இருந்தால் நானே வேண்டாம் என்றிருப்பேன். இவளுக்கு ஆசை உளவியலில், அல்லது தாதிமையில் (நர்சிங்). இன்னொன்று, தொடக்கக் கல்லூரிக்கு 2028 சேர்க்கையிலிருந்து எல்1ஆர்4, அதாவது ஆங்கிலமும் வேறு நான்கு பாடங்களும், 16 புள்ளி என்று மாறுகிறது. சின்ன வகுப்பில் பிள்ளை இருப்பவர்கள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான் எதிர்பாராதது மகளின் மறுப்பு. விட்டுவிடலாமா என்று கேட்டால் துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன், அழுதாள். ஏ மேத்ஸ் வகுப்புக்கு மணி அடித்ததும் தான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவதை வகுப்பே பார்க்குமே, என்ன சொல்வது? "அப்புறம் ஈ மேத்ஸும் வரலைன்னா அதையும் விடச் சொல்வீங்களாம்மா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பாடத்தை வைத்திருப்பதும் பயம், விடுவதும் பயம். சிறு விஷயங்கள்தான் உதவின. பாடத்தை விட்டவர்கள் அந்த நேரத்தில் நூலகத்தில் உட்கார வேண்டும், மற்ற வகுப்புப் பிள்ளைகளும் சிலர் அங்கே இருப்பார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டுச் சொன்னேன். தான் மட்டும் இல்லை என்பது அவளுக்குப் பெரிய செய்தி. யாராவது கேட்டால் "எனக்கு ஏழு போதும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட ஆலோசகர் பழக்கிவிட்டார்.

ஆண்டு இறுதியில் ஏ மேத்ஸில் சி6 வந்தது. அதுதான் கடைசிப் பாஸ் நிலை, டி7 என்றால் ஃபெயில். "பாஸ் ஆயிட்டாளே, இன்னும் எதுக்கு விடணும்?" என்று கணவர் பழைய இடத்துக்கே போய்விட்டார். நான் வாய் திறப்பதற்குள் மகள் அந்தக் குறிப்பேட்டை எடுத்து வந்தாள். "இந்த சி6க்கு எவ்வளவு நேரம் போச்சு பாருங்கப்பா. வேதியியல் பி3-லேர்ந்து டி7-க்கு வந்திருக்கு." அதற்கு மேல் அவர் வாதாடவில்லை.

மற்றதெல்லாம் சம்பிரதாயம். கடிதம், ஒரு சந்திப்பு, பிறகு சேர முடியாது என்பது தெரியும் என்று ஒரு கையெழுத்து. டிசம்பர் விடுமுறைக்கு முன்பே கேட்டதால் புது ஆண்டின் கால அட்டவணையிலேயே மாற்றம் வந்துவிட்டது. ஜனவரிக்குப் பிறகு கேட்டால் ஓ லெவல் பதிவு நெருங்கிவிடும், பேச நேரம் இருக்காது. பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மாறும் என்பதால் அந்தத் தேதியை முதலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது நூலக நேரத்தில் வேதியியல் படிக்கிறாள், பி4க்கு ஏறியிருக்கிறது. ஊரிலிருந்து பெரியப்பா அழைத்தால் கணவர், "ஏழு பாடம் எடுத்திருக்கா அண்ணா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். வயிற்று வலி முழுதாகப் போகவில்லை, வாய்மொழித் தேர்வு என்றால் வந்துவிடுகிறது. ஆலோசகரைப் பார்ப்பதை அதனால் நிறுத்தவில்லை. ஓ லெவல் முடியும் வரை தொடரலாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.