பீட்டில் 1600 எஞ்சினைப் பிரித்துக் கோத்த அனுபவம்

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் 1600 எஞ்சினில் ரேடியேட்டர் கிடையாது. சூட்டை வெளியேற்றுவது விசிறிக் காற்றும் இரண்டரை லிட்டர் ஆயிலும்தான். கோக்கும்போது விட்ட சிறு பிசகும் இங்கே சூடாகத்தான் வெளியே வரும்.

கழற்றுவதற்கு முன்பே கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முதன்மைத் தண்டு) புல்லியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். 'டக்' என்று அசைவு தெரிந்தால் எண்ட் பிளே, அதாவது கிராங்க் நீளவாக்கில் அசையும் இடைவெளி, கூடிவிட்டது. இருக்க வேண்டியது 0.07 முதல் 0.13 மி.மீ. மட்டுமே. ஃபிளைவீல் பக்கத்து முதல் மெயின் பேரிங் கேஸுக்குள் (எஞ்சினின் வெளிக்கூடு) தளர்ந்திருந்தால், ஷிம் என்ற மெல்லிய வளையத் தகட்டை மாற்றிப் பலனில்லை. கேஸை லைன் போரிங் செய்து (பேரிங் உட்காரும் துளைகளை நேர்கோட்டில் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பேரிங் போட வேண்டும்.

கோக்கும்போது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) கியரில் உள்ள ஒற்றைப் புள்ளி, கிராங்க் கியரின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வர வேண்டும். பேரிங்குகளின் துளை டவல் பின்னில் (பேரிங் நகராமல் பிடிக்கும் சிறு முளை) சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். உட்காராமல் கேஸை இறுக்கினால் பேரிங் நசுங்கிவிடும். ஆறு பெரிய நட்டுகளுக்கு 34 நியூட்டன் மீட்டர். ஒவ்வொன்றை இறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். பிடித்தால் அங்கேயே நிறுத்திப் பிரித்துவிடுங்கள்.

எண்ட் பிளே வைப்பதில்தான் பொறுமை வேண்டும். ஆயில் சீல் போடாமல், இரண்டு ஷிம்மோடு ஃபிளைவீலை இறுக்கி, டயல் கேஜில் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) அளக்க வேண்டும். 0.44 காட்டினால் 0.10 கழித்து, மூன்றாவதாக 0.34 ஷிம். பிறகு சீலைப் போட்டு, மூன்று ஷிம்மோடும் இறுக்கி, மறுபடி அளந்துவிடுங்கள்.

சிலிண்டர் ஹெட்டை ஒரே மூச்சில் இறுக்கக் கூடாது. முதலில் 10 நியூட்டன் மீட்டர். பிறகு 10 மி.மீ. ஸ்டட்டுக்கு (கேஸில் முறுக்கிப் பதித்த மரைக் கம்பி) 32, 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 25. நட்டு இறுகாமல் சுற்றிக்கொண்டே வந்தால், மக்னீசியம் கேஸிலிருந்து ஸ்டட் மரையோடு கழன்று வருகிறது என்று அர்த்தம். கேஸ் சேவர் (கெட்ட மரைக்குப் பதிலாகத் துளையில் பதிக்கும் புது மரைக் குழல்) போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். புஷ்ராட் டியூபுகளை (வால்வை இயக்கும் கம்பிகள் செல்லும் குழாய்கள்) பொருத்தும் முன் 190 மி.மீ. அளவுக்கு இழுத்து விடாவிட்டால் ஆயில் ஒழுகும்.

எஞ்சினைச் சுற்றியுள்ள தகடுகளைத் தேவையற்றவை என்று தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. சிலிண்டருக்குக் கீழிருக்கும் தகடும், எஞ்சின் அறை ஓரத்து ரப்பர் சீலும் இல்லாவிட்டால், வெளியேறிய சூடான காற்றையே விசிறி திரும்ப இழுக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் எஞ்சினைச் சுற்ற விடுங்கள். ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் தீப்பற்றும் வரிசை) 1-4-3-2. வால்வ் இடைவெளி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, 0.15 மி.மீ.

சூடான பின் ஐட்லிங்கில் ஆயில் விளக்கு மினுக்கினால் உடனே பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம். முதலில் பிரஷர் சுவிட்ச். அடுத்து, ஆயில் அழுத்தம் மிகாமல் காக்கும் ரிலீஃப் வால்வ்: அதன் பிஸ்டன் கீழே சிக்கினால் ஆயில் நேராகக் கேஸுக்கே திரும்பிவிடும். மேலே சிக்கினால், குளிர்ந்த கெட்டி ஆயிலின் அழுத்தத்தில் கூலர் ஒழுகும்.

கடைசியாக மூன்றாம் சிலிண்டர். பழைய விசிறிக் கூண்டில் ஆயில் கூலர் அதற்குமேல் காற்றை மறித்து நிற்கும். 1971 மாடலில்தான் கூலர் தனி அறைக்குப் போனது. இந்தச் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வ் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், சும்மா திருப்பி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள். வால்வின் தண்டு நீள்கிறது. தலை முறிந்து பிஸ்டனில் விழுவதற்குள் ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.