மேலே நிற்கும் பொடி எண்

நவம்பர் 3
தம்பிக்கு டெங்கு. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 1.4 × 10⁵. கொஞ்சம் குறைவு, பயப்பட வேண்டாம் என்றார்கள்.

நவம்பர் 4
இன்று 9.6 × 10⁴. 1.4 எங்கே, 9.6 எங்கே! அம்மாவிடம் "ஏறிவிட்டது" என்று சொல்லியும் விட்டேன். அப்புறம்தான் மேலே பொடியாக நின்ற 4 கண்ணில் பட்டது. நேற்று அது 5. விரித்து எழுதிப் பார்த்தேன்: 1,40,000. 96,000. அம்மாவிடம் திருத்திச் சொல்லவில்லை.

நவம்பர் 5, இரவு
நான் கணக்கு வாத்தியார். முதலில் அடுக்கைப் பார், அதாவது 10-இன் மேலே நிற்கும் பொடி எண்ணை, அது சமமாக இருந்தால் மட்டும் முன்னால் இருக்கும் எண்ணைப் பார் என்று தொண்டை வற்றச் சொல்பவன். எலக்ட்ரான் 9.11 × 10⁻³¹ கிலோ, புரோட்டான் 1.67 × 10⁻²⁷. எது கனம் என்றால் பாதி வகுப்பு எலக்ட்ரான் என்று கத்தும். 9-ஐப் பார்ப்பார்கள், இல்லையென்றால் 31-ஐ. கழித்தல் குறி யார் கண்ணிலும் படாது; −31-ஐ விட −27தான் பெரிது. புரோட்டான்தான் சுமார் 1,836 மடங்கு கனம். அவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

நவம்பர் 6
6.1. அடுக்கு 4. காய்ச்சல் விட்டுவிட்டது. இனிமேல்தான் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.

நவம்பர் 7
வேறு லேப். தாளில் 48 × 10⁹. அம்மா எட்டிப் பார்த்து, "ஒன்பதா? நல்லதுதானே?" என்றாள். எனக்கும் ஒரு நொடி நெஞ்சு துள்ளியது. இது லிட்டருக்கு, இதுவரை பார்த்தது மைக்ரோலிட்டருக்கு. ஒரு லிட்டரில் 10⁶ மைக்ரோலிட்டர். 9-இல் 6 போனால் 3. 48 × 10³, அதாவது 4.8 × 10⁴. முன் எண்ணை 1-க்கும் 10-க்கும் நடுவே கொண்டுவராமல் அடுக்கை ஒப்பிடவே கூடாது. 48 என்று அச்சடித்தவனை பெஞ்சு மேல் ஏற்ற வேண்டும்.

நவம்பர் 8, விடிகாலை 3 மணி
டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 5 × 10⁻⁸ மீட்டர். பிளேட்லெட் 2 × 10⁻⁶. நாற்பதில் ஒரு பங்கு. இத்துனூண்டு சனியன்.

நவம்பர் 9
4.7 × 10⁴. அடுக்கு மாறவில்லை, 0.1தான் குறைவு. ஆயிரம் என்று எழுதினால் வயிற்றைக் கலக்குகிறது.

நவம்பர் 10
5.9! தம்பி எழுந்து உட்கார்ந்து சார்ஜர் எங்கே என்று கேட்டான்.

நவம்பர் 11
8.8. "நாளைக்குப் பத்து வந்துவிடுமா?" என்கிறாள் அம்மா. பத்து வராது அம்மா, ஒன்றுதான் வரும். ஒன்று என்று பார்த்ததும் அழாதே, மேலே பார்.

நவம்பர் 12
ரிப்போர்ட் பத்து மணிக்கு என்றார்கள். மணி பத்தே முக்கால்.