துரை என்று பேர் வைத்தவர்

நம்ம வரலாற்று வாத்தியார் தவறிப்போன சேதியை குரூப்பில் போட்டவன், கீழேயே "துரைக்குத் தெரியுமா?" என்று கேட்டிருந்தான். இத்தனை வருசம் கழித்தும் எனக்கு அந்தப் பேர்தான். அந்த ஸ்கூல் டூர் வந்தவர்களுக்குக் கதை தெரியும். பின்னால் படித்தவர்களுக்காக எழுதுகிறேன்.

பட்டுக்கோட்டை தாண்டி, மல்லிப்பட்டினம் பக்கம் கடலோரத்தில் நிற்கிறது மனோரா. கடலையே பார்க்காத கொங்குப் பையன்கள், அலையடிக்கும் என்று டவுசரைச் சுருட்டிக்கொண்டு இறங்கினோம். பாக் நீரிணை குளமாட்டம் கிடந்தது. சரியென்று கோபுரத்துப் பக்கம் திரும்பினோம். அறுகோணம், எட்டு நிலை, ஏறத்தாழ 75 அடி. நிலைக்கு நிலை நீட்டிய இறவாரம், வளைவு ஜன்னல், சுழன்று ஏறும் படி. தஞ்சை மராட்டிய ராஜா இரண்டாம் சரபோஜி கட்டியது.

நெப்போலியனை இங்கிலீஷ்காரர்கள் தோற்கடித்த வாட்டர்லூ வெற்றிக்காக என்றுதான் பலரும் சொல்வார்கள். கல்லிலோ 1814 என்றிருக்கிறது. நெப்போலியன் முதல் தடவை முடி துறந்து எல்பாவுக்குப் போன வருசம். வாட்டர்லூ அடுத்த ஜூனில்தான்.

அந்த இங்கிலீஷ் கல்வெட்டை நான் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். கான்வென்டிலிருந்து வந்து சேர்ந்தவன் என்ற மிதப்பு.

"நல்லாப் படிக்கறீங்க துரை. சின்னமலையைச் சங்ககிரியில தூக்குல போட்டது எந்த வருசம்?"

"1805ங்க சார்."

"போட்டது?"

"கம்பெனிக்காரங்க சார்."

"ஒம்பது வருசம் கழிச்சு, அவங்க ஜெயிச்சாங்கன்னு ஒருத்தர் இதைக் கட்டறாரு. அதை இத்தனை குஷியாப் படிக்கறீங்களே, துரை?"

சிரிப்பு பஸ் ஊர் வந்து சேரும்வரை அடங்கவில்லை.

வாத்தியார் சரபோஜி மேல் கொஞ்சம் கடுமைதான். 1799லேயே ராஜ்ஜியம் கம்பெனி கைக்குப் போயாச்சு. மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும் ஒரு பென்ஷனும். சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த மனுசன் வேறென்ன செய்வார்? லண்டனில் வாட்டர்லூ ஸ்டேஷனில் இறங்கி வேலைக்குப் போகிற நானும், சம்பளம் தருகிறவர் மனம் குளிரச் சின்னதும் பெரிசுமாக எத்தனையோ மனோரா கட்டிவிட்டேன்.

லண்டன் கிளம்புமுன் வாத்தியாரிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது கேட்டார்: "சந்தோசம் கண்ணு. சங்ககிரிக் கோட்டை ஏறியிருக்கறயா?"

"இல்லீங்க சார்."

"செரி, வந்து ஏறிக்கலாம் போ."

ஒவ்வொரு லீவும் கல்யாணம், காதுகுத்து, பேங்க் வேலை என்றே போய்விடுகிறது. வருகிற ஆடிப் பதினெட்டுக்கு, சின்னமலை நினைவு நாளுக்கு, நம்ம பழைய மாணவர் சங்கத்தில் யாராவது சங்ககிரிக்கு வண்டி பிடித்தால் எனக்கும் ஒரு சீட் போடுங்கள். முழங்கால் வலி இருக்கிறது, முன் சீட்டாக இருந்தால் நல்லது.