கேக் தட்டில் மூன்று கண்மாய்

ஜூன் விடுமுறைக்கு ராமநாதபுரம் போகிறோம். "அங்க ஆத்துல ஏன் தண்ணியே இல்ல?" என்று போன முறையே கேட்டவள் மகள். சிங்கப்பூர் ஈசூனில் குடையோடு வளர்கிறவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

சரி என்று கேக் தட்டை எடுத்தேன். துவாலையைச் சுருட்டி வைத்தால் மேற்குத் தொடர்ச்சி மலை. தென்மேற்குப் பருவமழை அந்தப் பக்கமே கொட்டிவிடும். எங்கள் ராமநாதபுரத்துக்கு வெறும் காற்றுதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதில்தான் பிழைப்பு. ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ.; சிங்கப்பூரிலோ 2,000க்கும் மேல்.

அப்புறம் தட்டைக் கொஞ்சம் சாய்த்து, களிமண்ணில் பிறை வடிவில் மூன்று கரைகள், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக. ஒவ்வொன்றும் ஒரு கண்மாய், அதாவது ஏரி. ஒவ்வொரு கரையின் ஓரத்திலும் விரலால் ஒரு பள்ளம், அதுதான் கலுங்கு. குவளைத் தண்ணீரை ஊற்றினாள். மேல் கண்மாய் நிறைந்து, கலுங்கு வழியாக அடுத்ததில் இறங்கியது. மூன்றாவதற்கு ஈரம் மட்டும்தான் போய்ச் சேர்ந்தது.

"கடைசி ஊர்க்காரங்க பாவம்லப்பா?"

வைகையின் கதையே அதுதான். வழியில் எல்லோரும் எடுத்தது போக மிச்சம்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. அவள் தாத்தா ஊர் அந்தக் கடைசியில்.

இன்னொரு குவளை ஊற்றலாமா என்றாள். இந்த வருஷ மழை முடிந்துவிட்டது என்றேன். முறைத்தாள். தரையெல்லாம் சேறு, மனைவி இன்னும் பார்க்கவில்லை.