ஊதாங்குழலும் குலவையும்

பதினொரு வருடமாக நெஞ்சகப் பிரிவில் ஸ்பைரோமெட்ரி, அதாவது நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை, எடுக்கிறேன். கும்பகோணம் பக்கத்து ஜனங்கள் அதை 'ஊதுற டெஸ்ட்' என்பார்கள். மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் வைத்து, நெஞ்சு கொள்ளுமட்டும் மூச்சை இழுத்து, ஒரே வீச்சில் ஊதி, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்கிற வரைக்கும் விடாமல் ஊத வேண்டும். சொல்வதற்கு இரண்டு வரிதான், ஆனால் எழுபது வயது அம்மா ஒருவரிடம் அதைச் சரியாக வாங்க சில நாள் முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

எங்கள் டாக்டருக்கு நெடுநாளாக ஒரு கேள்வி. பீடி, சிகரெட் பக்கமே போகாத பெண்களுக்கு ஏன் இவ்வளவு இரைப்பு? வருகிறவர்களைக் கேட்டால் பாதிப் பேர் நெல் அவிக்கிற களத்தில் வேலை பார்ப்பவர்கள். கொப்பரைக்கு அடியில் உமி எரியும், களத்தில் நெல்லைத் துழாவும்போது தூசி பறக்கும், வீட்டுக்குப் போனால் விறகடுப்பு. புகையும் தூசியும் போதும், புகையிலை இல்லாமலே சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சடைப்பு நோய் வரும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை உறிஞ்சவைத்து கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதச் சொல்லும்போது, முதல் ஒரு விநாடியில் வெளியே வரும் காற்று மொத்தத்தில் 0.70 பங்குக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். சரி, களத்துக்கே போய் எடுப்போம் என்று இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

முதல் வாரம் எடுத்ததில் பெரும்பாலானவை வீண். தவறு என்னுடையதுதான். எளிதாகப் புரியட்டும் என்று "ஊதாங்குழல்ல அடுப்பு ஊதுற மாதிரி ஊதுங்கம்மா" என்று சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் அப்படியே செய்தார்கள்: கன்னத்தை உப்பி, புஸ்ஸென்று ஒரு சின்ன ஊது, அதோடு நிறுத்தம். அடுப்புக்கு அது போதும், திரையிலோ கோடு பாதியிலேயே அறுந்து விழும். அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் சங்கங்கள் 2019ல் சேர்ந்து வெளியிட்ட நெறிமுறைப்படி, பழுதில்லாத மூன்று ஊதல்கள் வேண்டும், அவற்றில் சிறந்த இரண்டுக்கும் நடுவே 150 மில்லிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. பெரியவர்களுக்குப் பொதுவாக எட்டு முறைக்கு மேல் முயற்சி செய்யவும் கூடாது.

ஐந்தாவது ஊதலும் அறுந்தபோது ஒரு அம்மா குழாயை எடுத்துவிட்டுக் கேட்டார். "மொதல்ல வேகமா விட்டுட்டு, அப்புறம் நடவுல குலவை போடுவோமே, அது மாதிரி கடைசி மூச்சு வரைக்கும் விடணுமா தம்பி?"

அதேதான். ஆறாவது ஊதலில் கோடு சர்ரென்று ஏறி, மெல்லச் சாய்ந்து, தட்டையாகிப் படுத்தது. அடுத்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவர் சொன்னதையே சொன்னேன்.

நெஞ்சக மருத்துவர்களின் வருடாந்தர மாநாட்டுக்கு இந்த வேலையைச் சுருக்கி அனுப்பினோம், சுவரொட்டிப் பிரிவில் இடம் கிடைத்தது. டாக்டருக்கு வேறு அமர்வு இருந்ததால் போஸ்டர் பக்கத்தில் நான்தான் நின்றேன். பரிசுக்கு மதிப்பெண் போடும் நடுவர்கள் வந்தார்கள். ஒருவர் முடிவுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சரியாக ஊதாதவர்களை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே அவ்வளவு தூரம் ரயிலில் போனது தகும். முதல் வாரக் கணக்கு முழுவதையும் தள்ளியதையும், குலவைக் கதையையும் சொன்னேன். தன் தாளில் எழுதிக்கொண்டார்.

எங்களுக்குப் பரிசு இல்லை. உறைய வைத்து நுரையீரல் திசு எடுக்கும் முறை பற்றிய வேலைக்குக் கொடுத்தார்கள், நல்ல வேலை, மனதாரக் கைதட்டினேன். விருது மேடையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது 1956ல் மதராஸில் ஆரம்பித்த காசநோய் ஆய்வுதான் ஞாபகத்தில் ஓடியது. 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியம் என்கிற காசநோய் மருத்துவமனையில், பாதிப் பேர் தங்கள் வீட்டில். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் நெரிசலான வீட்டில் இருந்தாலும் அதே அளவு குணம் தெரியும் என்று 1959ல் முடிவு வந்தது. உலகமே வைத்தியத்தை வீட்டுக்கு மாற்றியதற்கு அது பெரிய காரணம். இன்று டெல்டாவில் காசநோய்க்காரர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து மாத்திரை போடுகிறார் என்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாமல் அந்த முடிவை எவர் நம்பியிருப்பார்? விருது கொடுக்கும்போது அந்த ஆட்களையும் மேடையேற்ற வேண்டும் என்பது என் ஆசை.

ஊர் திரும்பியதும் களத்துக்குப் போய் ஒவ்வொருவருக்கும் அவரவர் வரைபடத்தைக் கொடுத்து விளக்கினோம், ஆராய்ச்சியில் அதிகம் விட்டுப்போவது இந்த வேலைதான். குலவை அம்மாவுக்கு 0.70க்குக் கீழேதான். மருந்து எழுதியாயிற்று, உறிஞ்சும் விதத்தை இரண்டு முறை செய்துகாட்டினேன். வரைபடத்தை நாலாக மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, "என் பொண்ணும் கொப்பரைகிட்டதான் நிக்கிது, அதுக்கும் பாத்துடு தம்பி" என்றார்.

வருகிற வியாழக்கிழமை அந்தப் பெண்ணை வரச் சொல்லியிருக்கிறேன்.